நீரிழிவு உள்ளவரின் காது: கழுவுவதா, உறிஞ்சி எடுப்பதா, சொட்டு மருந்தோடு காத்திருப்பதா?

அறுபது வயதைக் கடந்த, நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்ளும் ஒருவருக்குக் காது அடைத்துக்கொண்டாலோ வலித்தாலோ, வீட்டில் உள்ளவர்கள் முன்னே பல வழிகள் வந்து நிற்கின்றன. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றலாம் என்று ஒருவர் சொல்வார். மருந்துக்கடையில் குறும்பியை, அதாவது காது அழுக்கை, இளக்கும் சொட்டு மருந்து கிடைக்கும். பக்கத்துத் தெரு கிளினிக்கில் சிரிஞ்சால் தண்ணீர் பீச்சிக் கழுவிவிடுவார்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனால், நுண்ணோக்கியில் பார்த்தபடியே சக்‌ஷன் குழாயால் உறிஞ்சி எடுப்பார். எதுவும் வேண்டாம், இரண்டு நாள் பார்ப்போம் என்று விட்டுவிடுவதும் உண்டு. உடல்நலம் உள்ள முப்பது வயதுக்காரருக்கு இந்த வழிகளுக்கு இடையே உள்ள வேறுபாடு பெரும்பாலும் செலவும் வசதியும்தான். நீரிழிவு உள்ள முதியவருக்கோ, அரிதாக என்றாலும், தவறான தேர்வு மண்டையோட்டின் எலும்பு வரை கொண்டுபோய்விடும். ஆகவே காது எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே அது யாருடைய காது என்று பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்த வேறுபாட்டிற்கான காரணம் காதுக்குழாயின் அமைப்பிலேயே இருக்கிறது. பெரியவர்களுக்கு அது ஏறக்குறைய 2.5 செ.மீ. நீளம் உடையது, சற்று வளைந்து சென்று செவிப்பறையில் முடிகிறது. வெளிப்புறத்தில் மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பால் ஆனது. உள்ளே உள்ள மூன்றில் இரண்டு பங்கு எலும்பால் ஆனது. உட்பகுதியில் தோல் மிகவும் மெல்லியது; அதற்கும் எலும்புக்கும் இடையே கொழுப்புப் படலம் கிடையாது என்பதால், பட்ஸோ ஹேர்பின்னோ உரசினாலே தோல் உரிந்துவிடும். குருத்தெலும்புப் பகுதியில் சான்டோரினி பிளவுகள் எனப்படும் இயற்கையான இடைவெளிகள் உள்ளன. தோலைத் தாண்டிவிட்ட தொற்று, கீழே உள்ள மென்திசுக்களுக்கும் அங்கிருந்து மண்டையோட்டின் அடித்தளத்திற்கும் இந்தப் பிளவுகள் வழியாகத்தான் போகிறது. குறும்பி இயல்பாகவே சற்று அமிலத்தன்மை உடையது. பாக்டீரியாவும் பூஞ்சையும் பெருகாமல் அது தடுக்கிறது. நீரிழிவு உள்ளவர்களின் குறும்பியில் இந்த அமிலத்தன்மை குறைந்திருக்கிறது; அவர்களுடைய நுண்ணிய இரத்தக்குழாய்கள் பாதிக்கப்பட்டிருப்பதால் தோலுக்கு இரத்தம் போதிய அளவு வருவதில்லை; கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்களும் மந்தமாகவே செயல்படுகின்றன. இந்த மூன்றும் ஒரே காதில் கூடும்போது சிறு கீறல்கூடப் பெரிய விஷயமாகிவிடுகிறது.

வலி இல்லாமல் அடைப்பு மட்டும் இருக்கும் காதில், குறும்பியை எடுக்கத்தான் வேண்டுமா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். செவிப்பறையின் மேல் உள்ள தோல் மெல்ல மெல்ல வெளிப்புறமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது; உணவை மெல்லும்போது தாடை அசைவதும் அதற்கு உதவுகிறது. எனவே பெரும்பாலோருடைய காது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்கிறது. கேட்கும் திறன் குறைந்திருந்தாலோ, கேட்புக் கருவி பொருந்தாமல் போனாலோ, செவிப்பறையை மருத்துவர் பார்த்தாக வேண்டும் என்றாலோதான் எடுப்பதற்குக் காரணம் உண்டு. காது சுத்தமாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்திற்காக மட்டும் எடுப்பது, நீரிழிவு உள்ளவருக்குத் தேவையற்ற ஆபத்து.

எடுத்தே ஆக வேண்டும் என்றால், மூன்று முதல் ஐந்து நாள் சொட்டு விட்டு இளக்குவது எளிய தொடக்கம். ஆலிவ் எண்ணெய், சோடியம் பைகார்பனேட் கரைசல், பாராடைகுளோரோபென்சீன் கலந்த கடைச் சொட்டு மருந்துகள் ஆகியவற்றுள் ஒன்று மற்றொன்றைவிடத் தெளிவாக மேலானது என்று இதுவரை நடந்த ஆய்வுகள் காட்டவில்லை. வெறும் தண்ணீரோ உப்புநீரோகூட ஏறக்குறைய அதே அளவு வேலை செய்கிறது. எனவே விலையை வைத்து மருந்தின் தரத்தை மதிப்பிட வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருப்பதாகச் சந்தேகம் இருந்தால், அதாவது முன்பு காதில் சீழ் வடிந்திருந்தாலோ காதில் அறுவை சிகிச்சை நடந்திருந்தாலோ, இவற்றுள் எதையும் தாமாக விடக்கூடாது. காய்ச்சிய எண்ணெயை நான் இந்த ஒப்பீட்டில் ஒரு தேர்வாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அதன் சூடு மெல்லிய தோலைப் புண்ணாக்கிவிடும். அந்தப் புண்ணில்தான் தொற்று குடியேறுகிறது.

அடுத்து, கழுவுவதா உறிஞ்சுவதா என்ற கேள்வி. சிரிஞ்சால் கழுவுவதற்குச் செலவு குறைவு. எந்த ஊரிலும் கிடைக்கும். சரியான முறையில், உடல் வெப்பமான 37 டிகிரி செல்சியஸ் அளவில் உள்ள நீரைக் குழாயின் பின்மேல் சுவரை நோக்கிப் பீச்சினால் பெரும்பாலோருக்கு நன்றாகவே பயன்படுகிறது. நீர் அதைவிடக் குளிர்ந்தோ சூடாகவோ இருந்தால் உட்செவி தூண்டப்பட்டுத் தலைசுற்றும். ஆனால் நீரிழிவு உள்ளவருக்குப் பிரச்சினை தலைசுற்றல் அல்ல. பீச்சும் நீர் அந்த மெல்லிய தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்கலாம். கழுவிய பின் குழாயின் உள்ளே ஈரம் தங்குகிறது. பாதுகாப்பாக இருந்த குறும்பியும் போய்விடுகிறது. குழாய்த் தண்ணீரில் சூடோமோனாஸ் கிருமி இருக்கவும் வாய்ப்பு உண்டு. பின்னால் விவரிக்கப்போகும் கடுமையான எலும்புத் தொற்று வந்த நீரிழிவு நோயாளிகள் பலருக்கு, அதற்குச் சில நாள்களுக்கோ வாரங்களுக்கோ முன்பு காதைத் தண்ணீரால் கழுவியிருந்தது என்பதை மருத்துவர்கள் கவனித்துப் பதிவு செய்திருக்கிறார்கள்.

நுண்ணோக்கியின் கீழ் உறிஞ்சி எடுப்பதில் ஈரம் இல்லை. மருத்துவர் தாம் தொடும் இடத்தைக் கண்ணால் பார்க்கிறார். செவிப்பறையில் ஓட்டை இருந்தாலும் செய்யலாம். குறைகளும் உண்டு. சக்‌ஷன் சத்தம் காதுக்குள் மிகப் பெரிதாகக் கேட்கும்; சிலருக்குச் சிறிது நேரம் தலை சுற்றும். காதுக்குழாயின் ஒரு பகுதிக்கு உணர்வளிப்பது வேகஸ் நரம்பின் கிளை என்பதால் இருமல் வரலாம். அரிதாக மயக்கமும் வரலாம். கருவியும் பயிற்சியும் தேவை என்பதால் எல்லா ஊரிலும் கிடைக்காது. ஆயினும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. ஒரு நாள் பயணம் செய்தாவது அங்கே போவதையே நான் பரிந்துரைப்பேன். வேறு வழியே இல்லாமல் கழுவ நேர்ந்தால், குழாய்த் தண்ணீரைத் தவிர்த்துக் கிருமி நீக்கிய உப்புநீரைப் பயன்படுத்தச் சொல்லிக் கேட்கலாம். கழுவிய பின் காதை உலர்த்துவதும், அமிலத்தன்மையை மீட்கும் சொட்டு மருந்து தேவையா என்று மருத்துவரிடம் கேட்பதும் அவசியம்.

வலி வந்துவிட்டால் கேள்வி மாறிவிடுகிறது. காதின் முன்புறம் உள்ள சிறு மடிப்பை அழுத்தும்போதோ செவிமடலை இழுக்கும்போதோ வலி கூடினால், அது பெரும்பாலும் காதுக்குழாயின் தொற்று. நடுச்செவித் தொற்றில் இப்படி நேர்வது குறைவு. இதை உண்டாக்குபவை பெரும்பாலும் சூடோமோனாஸ், ஸ்டேஃபிலோகாக்கஸ் என்னும் இரு பாக்டீரியாக்கள். வலியைவிட அரிப்பும் அடைப்பும் மிகுந்து, உள்ளே நனைந்த செய்தித்தாள் போன்ற கழிவின் மேல் கரும்புள்ளிகள் தெரிந்தால், அது ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை. நம்மைப் போன்ற வெக்கையும் ஈரப்பதமும் உள்ள ஊர்களில் இது மிகச் சாதாரணம். இவ்விரண்டையும் பிரித்தறியாமல் கடையில் ஒரு சொட்டு மருந்தை வாங்கினால் பாதி நேரம் எதிர்விளைவுதான்: ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் கலந்த சொட்டைப் பூஞ்சை உள்ள காதில் விட்டால் பூஞ்சை இன்னும் செழித்து வளரும். பூஞ்சைக்குக் கழிவை அகற்றுவதே பாதிச் சிகிச்சை. அதன் பிறகே க்ளோட்ரிமசோல் போன்ற சொட்டு மருந்து தோலைச் சென்றடையும்.

பாக்டீரியாத் தொற்றுக்குச் சொட்டு மருந்து, மாத்திரை என்ற இரண்டில் சொட்டு மருந்துக்கே முதலிடம். குழாய்க்குள் அது எட்டும் மருந்தடர்த்தியை எந்த மாத்திரையாலும் எட்ட முடியாது. தொற்று குழாயோடு நிற்கும் வரை மாத்திரை தேவையில்லை. பலரும் தாமாக வாங்கி விழுங்கும் அமாக்ஸிசிலின் சூடோமோனாஸுக்கு எதிராக வேலையே செய்யாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சொட்டு மருந்துகளுக்குள்ளும் தேர்வு உண்டு: நியோமைசின், ஜென்டமைசின் கலந்தவை செவிப்பறையில் ஓட்டை உள்ளவருக்கு உட்செவியைப் பாதிக்கக்கூடியவை, ஆஃப்லாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் சொட்டுகளுக்கு அந்த ஆபத்து இல்லை. நியோமைசின் சிலருக்குத் தோல் ஒவ்வாமையையும் தரும். அந்தச் சிவப்பையும் அரிப்பையும் தொற்று முற்றிவிட்டதாக எண்ணி இன்னும் அதிகச் சொட்டு விடுகிறார்கள். குழாய் வீங்கி மூடிக்கொண்டிருந்தால் சொட்டு உள்ளேயே போகாது. மருத்துவர் சிறு திரி ஒன்றை வைத்து அதன் வழியே மருந்தைச் செலுத்துவார். சரியான மருந்து சரியாக உள்ளே போனால் 48 முதல் 72 மணி நேரத்திற்குள் வலி குறையத் தொடங்க வேண்டும். குறையவில்லை என்றால், அடுத்த மருந்துக்கடைக்குப் போகாமல் மருத்துவரிடம் திரும்பிச் செல்ல வேண்டும்.

இப்படித் திரும்பிச் செல்வதை நான் ஏன் இத்தனை வலியுறுத்துகிறேன் என்றால், காதுக்குழாயிலிருந்து எலும்புக்குள் நுழையும் தொற்று ஒன்று இருக்கிறது. 1959-இல் மெல்ட்சர், கெலெமன் என்னும் இருவர், நெற்றிப்பொட்டெலும்பைச் சூடோமோனாஸ் அரித்த ஒரு நோயாளியைப் பற்றி எழுதினர். 1968-இல் சேண்ட்லர் என்னும் மருத்துவர் 13 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து வெளியிட்டபோது, அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் இறந்திருந்தனர். அதனால் இதற்குப் புற்றுநோயைப் போன்ற பெயரையே அவர் வைத்தார். இது புற்றுநோய் அல்ல. இன்று திசு அழிவை உண்டாக்கும் புறச்செவித் தொற்று என்ற பொருளில் குறிப்பிடுகிறார்கள். தகுந்த ஆன்டிபயாடிக்குகள் வந்த பின் இறப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. நோய் இன்றும் அரிதானதுதான். ஆனால் 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாகக் காட்டியிருக்கிறது. அரிதான நோயும் இவ்வளவு பெரிய கூட்டத்தில் அவ்வப்போது தலைகாட்டத்தான் செய்யும். புற்றுநோய் மருந்து பெறுவோர், உறுப்பு மாற்று செய்துகொண்டோர், எச்.ஐ.வி. தொற்று உள்ளோர் ஆகியோரும் இந்த ஆபத்துக்கு உட்பட்டவர்களே.

காத்திருப்பதா, உடனே ஆழ்ந்து பரிசோதிப்பதா என்ற முடிவுதான் இந்த ஒப்பீடு முழுவதிலும் மிக முக்கியமானது. காத்திருக்கத் தூண்டும் காரணங்கள் எல்லாமே நம்பத்தக்கவையாகத் தோன்றும். காய்ச்சல் இருக்காது, இரத்தத்தில் வெள்ளணுக்களின் எண்ணிக்கை இயல்பாக இருக்கும், வெளியே இருந்து பார்த்தால் காது சாதாரணமாகத்தான் தெரியும். இந்த நோயில் காய்ச்சல் இல்லாததும் வெள்ளணு கூடாததும் வழக்கமே என்பதால், அவற்றைக் கொண்டு ஆறுதல் அடைய முடியாது. கவனிக்க வேண்டியது வலியின் தன்மை: காதில் தெரியும் புண்ணுக்குப் பொருந்தாத அளவு கடுமையாக இருக்கும், இரவில் கூடித் தூக்கத்தைக் கெடுக்கும், தாடை மூட்டுக்கும் பொட்டுக்கும் பரவி, மெல்லும்போது வலிக்கும். மருத்துவர் உள்ளே பார்த்தால், குருத்தெலும்பும் எலும்பும் சேரும் இடத்தில், குழாயின் தரைப்பகுதியில் சிவந்த சதை வளர்ந்திருப்பது தெரியலாம். நீரிழிவு உள்ளவருக்கு இந்தச் சதை தெரிந்தாலோ, முறையான சொட்டு மருந்தோடு ஒரு வாரம் கடந்தும் இரவு வலி தொடர்ந்தாலோ, இன்னொரு வாரம் பார்ப்போம் என்ற முடிவு தவறு என்பேன். உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., அவற்றோடு சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஆகிய இரத்தப் பரிசோதனைகளுக்குப் பெரிய செலவு ஆகாது, ஈ.எஸ்.ஆர். வெகுவாகக் கூடியிருப்பது இந்த நோயின் வலுவான அறிகுறி. ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன்பே சீழைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்து அடையாளம் காணும் பரிசோதனைக்கு, அனுப்ப வேண்டும். இடையே கடையில் வாங்கி மூன்று நாள் விழுங்கிய சிப்ரோஃப்ளாக்சசின் நோயைக் குணமாக்காது. கல்ச்சரில் கிருமி வளராமல் தடுத்து, எந்த மருந்து கேட்கும் என்பதை மறைத்துவிடும்.

ஸ்கேன்களுள் எது என்றால், முதலில் பெரும்பாலும் சி.டி.தான் எடுக்கிறார்கள், எலும்பு அரிக்கப்பட்டிருப்பதை அது நன்றாகக் காட்டும், விரைவில் கிடைக்கும். ஆனால் எலும்பின் கனிமச் சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காவது குறைந்த பிறகுதான் சி.டி.யில் அரிப்புத் தெரியும் என்பதால், தொடக்கத்தில் எடுத்த சி.டி. இயல்பாக இருப்பது நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது. மென்திசுக்களிலும், மண்டையோட்டு அடித்தளத்தின் மஜ்ஜையிலும், மூளையுறை ஓரத்திலும் தொற்று பரவியிருப்பதைக் காட்டுவதில் எம்.ஆர்.ஐ. மேலானது. டெக்னீசியம் 99எம் என்னும் கதிரியக்கப் பொருளைக் கொண்டு எடுக்கும் எலும்பு ஸ்கேன் மிக விரைவில் மாற்றத்தைக் காட்டிவிடும். ஆனால் நோய் ஆறிய பின்னும் மாதக்கணக்கில் அப்படியே காட்டிக்கொண்டிருக்கும்.

ஸ்கேனுக்கு இணையாகத் திசுப் பரிசோதனையையும் நான் வைப்பேன். காதுக்குழாயில் வரும் புற்றுநோய் மிக மிக அரிது. ஆனால் சீழ், வலி, சதை வளர்ச்சி, எலும்பு அரிப்பு என்று எல்லா வகையிலும் அது இந்தத் தொற்றை ஒத்திருக்கும். கண்ணால் பார்த்தோ ஸ்கேனை வைத்தோ பிரித்துச் சொல்ல முடியாது. உரிந்த தோல் தேங்கி எலும்பை அரிக்கும் கொலஸ்டியட்டோமாவும் முதியவர்களின் ஒரு காதில் மங்கலான வலியோடும் சீழோடும் வரும். சதையிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்து அனுப்பினால் புற்றுநோயா, பூஞ்சையா என்ற இரு கேள்விகளுக்கும் விடை கிடைக்கும். பயாப்சி என்ற சொல்லைக் கேட்டே குடும்பத்தினர் தயங்குகிறார்கள், தயங்கத் தேவையில்லை.

நோய் உறுதியானால், மாத்திரையா, ஊசி வழி மருந்தா என்பது அடுத்த தேர்வு. 1980-களின் பிற்பகுதியில் சிப்ரோஃப்ளாக்சசின் புழக்கத்திற்கு வந்தபோது, பல வாரம் மருத்துவமனையில் கிடக்க வேண்டியிருந்த நிலை மாறியது. தொடக்க நிலையில் உள்ள, கிருமி அந்த மருந்துக்குக் கட்டுப்படுவதாகக் கல்ச்சரில் தெரிந்த நோயாளிக்கு இன்றும் அது நல்ல தேர்வு. ஆனால் அதை எதிர்க்கும் சூடோமோனாஸ் இப்போது பெருகிவருகிறது. கல்ச்சர் இல்லாமல், வலி கடுமையாகவும் நரம்பு பாதிப்போடும் உள்ளவருக்கு மாத்திரையை மட்டும் நம்புவது துணிச்சலான காரியம். அவருக்கு பிப்பராசிலின்-டாசோபாக்டம், செஃப்டாசிடிம் போன்ற மருந்துகளை இரத்தக்குழாய் வழியே ஊசியாகத் தொடங்குவதே பாதுகாப்பு. எந்த வழியானாலும் சிகிச்சை ஆறு வாரத்திற்குக் குறையாது. ஆஸ்பர்ஜில்லஸ் என்று தெரிந்தால் வோரிகோனசோல் போன்ற மருந்து, இன்னும் நீண்ட காலத்திற்கு, கல்லீரல் பரிசோதனைகளோடு தேவைப்படும். வீட்டில் மாத்திரை சாப்பிடுவோர் இரண்டைக் கவனிக்க வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசினைப் பால், தயிர், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை, வயிற்றெரிச்சல் மருந்து ஆகியவற்றோடு சேர்த்து எடுத்தால் அது உடலில் சேராது. கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவருக்கு அது சர்க்கரையைத் திடீரெனத் தாழ்த்தவும் கூடும்.

அறுவை சிகிச்சையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முன்பு எலும்பை அகலமாகச் சுரண்டினார்கள். இன்று பயாப்சி எடுக்கவும், சீழ்க்கட்டியை வடிக்கவும், செத்த திசுவை அகற்றவுமே அது பயன்படுகிறது. அழுத்த ஆக்சிஜன் அறையில் அமர்த்தும் சிகிச்சை கூடுதல் பயன் தருகிறதா என்பதற்கு உறுதியான ஆய்வுச் சான்று கிடையாது. செலவோ மிக அதிகம்.

ஒரு பக்க முகம் கோணிக்கொண்டால் எடுக்க வேண்டிய முடிவு வேறு வகையானது. திடீர் முகவாதம் வந்தவருக்கு ஸ்டீராய்டு கொடுப்பது வழக்கம். காதில் கொப்புளங்களோடு அக்கி வைரஸால் வந்த முகவாதம் என்றால் வைரஸ் எதிர்ப்பு மருந்தையும் ஸ்டீராய்டையும் 72 மணி நேரத்திற்குள் தொடங்குவது நல்லது. ஆனால் காதில் சீழும் இரவு வலியும் உள்ள நீரிழிவு நோயாளிக்கு முகம் கோணினால், எலும்புத் தொற்று முகநரம்பை எட்டியிருக்கக்கூடும். அவருக்குக் காதைப் பார்க்காமலேயே ஸ்டீராய்டு கொடுத்தால் சர்க்கரை ஏறும், எதிர்ப்புச் சக்தி இன்னும் இறங்கும், தொற்றுக்கு அது துணைபோகும். முகவாதத்திற்காகப் பொது மருத்துவரிடம் போனாலும் காதில் சீழ் வந்ததை மறக்காமல் சொல்ல வேண்டியது இதனால்தான். குரல் கம்முவதும், விழுங்கச் சிரமப்படுவதும், தோளைத் தூக்க முடியாமல் போவதும் மண்டையோட்டின் அடித்தளத்தில் உள்ள மற்ற நரம்புகளும் பாதிக்கப்பட்டதைக் காட்டுகின்றன; அப்போது உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

மருந்தை எப்போது நிறுத்துவது என்ற தேர்வில்தான் வீட்டார் பெரும்பாலும் அவசரப்படுகிறார்கள். வலி இரண்டு மூன்று வாரத்தில் போய்விடும், காதும் உலர்ந்துவிடும், எலும்புக்குள் கிருமி இருந்துகொண்டே இருக்கும். வலி நின்றதை வைத்து நிறுத்துவதைவிட, ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகியவை வாரந்தோறும் இறங்கி இயல்பை எட்டியதைப் பார்த்து நிறுத்துவது நம்பத்தக்கது. வசதி உள்ள இடத்தில், தொற்று அடங்கியதும் இயல்புக்குத் திரும்பிவிடக்கூடிய, காலியம் 67 என்னும் கதிரியக்கப் பொருளைக் கொண்டு எடுக்கும் ஸ்கேனும் இதற்குத் துணை நிற்கும். நிறுத்திய பின்னும் நோய் திரும்பலாம் என்பதால், குறைந்தது ஓர் ஆண்டுக்காவது குறித்த இடைவெளியில் காதைக் காட்ட வேண்டும். அந்த ஆண்டில் குறும்பி சேர்ந்தால் எந்தக் கிளினிக்கிலும் தண்ணீர் பீச்ச விடாமல், சிகிச்சை செய்த மருத்துவரிடமே நுண்ணோக்கியின் கீழ் எடுத்துக்கொள்ள வேண்டும்.